கண்ணை நம்பலாமா? புலனறிவு பற்றி ஓர் எளிய அறிமுகம்

‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்று அடிக்கடி சொல்கிறோம். சரி, தீர விசாரிப்பது என்றால் என்ன செய்வோம்? சம்பவ இடத்துக்குப் போய்ப் பார்ப்போம்; அது கண். அங்கிருந்தவர்களைக் கேட்போம், அது காது. ஆவணங்களை எடுத்துப் படிப்போம், மறுபடி கண். பொய் சொல்வதாகக் குற்றம் சாட்டப்பட்ட அதே சாட்சிகளைத் திரும்பக் கூண்டில் ஏற்றித்தான் விசாரணையே நடக்கிறது.

ஒன்றை நம்புவதற்கு ‘நான் பார்த்தேன்’ என்பது போதுமான காரணமா? மெய்யியலில் மிகப் பழைய கேள்விகளில் இது ஒன்று. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போதும். ஆனால் அது திரும்பப் பெறக்கூடிய நம்பிக்கை. எப்போது திரும்பப் பெறவேண்டும் என்று தெரிந்திருப்பதில்தான் வித்தையெல்லாம் இருக்கிறது. இந்தப் பதிலுக்கு எப்படி வந்து சேர்வது என்று பார்ப்பதற்கு முன், புலன்களுக்கு எதிராகப் பேசுபவர்களின் வாதத்தைக் குறைக்காமல் கேட்டாக வேண்டும். அவர்கள் பக்கம் உண்மை நிறையவே இருக்கிறது.

புலன்கள் எப்படியெல்லாம் தவறுகின்றன

ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். தாளின் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி போடுங்கள். அதற்கு நேர் வலப்புறம் 8 செ.மீ. தள்ளிச் சின்னதாக ஒரு கரும்புள்ளி வையுங்கள். இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, வலது கண்ணால் கூட்டல் குறியை மட்டும் உற்றுப் பாருங்கள். பார்வையை அதிலிருந்து எடுக்காமல் தாளை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். கண்ணிலிருந்து ஏறக்குறைய 30 செ.மீ. தூரம் வரும்போது புள்ளி காணாமல் போய்விடும்.

விழித்திரையிலிருந்து பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் கிடையாது. ஒவ்வொரு கண்ணிலும் இந்தக் குருட்டுப் புள்ளி உண்டு. இதைக் கண்டு சொன்னவர் 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் எட்மே மரியோத். புள்ளி மறைந்த இடத்தில் என்ன தெரிகிறது என்பதைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அங்கே ஓட்டை தெரிவதில்லை, கறுப்பும் தெரிவதில்லை. வெள்ளைத் தாள் தெரிகிறது. சுற்றியிருக்கும் வெள்ளையைக் கொண்டு மூளை அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. ‘இந்த இடத்தைப் பற்றி எனக்குத் தகவல் இல்லை’ என்று அது உங்களிடம் ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஒரு கண்ணால் பார்க்கும்போதெல்லாம் இப்படித்தான் நடக்கிறது.

அடுத்தது, பலர் படமாகப் பார்த்திருக்கக்கூடியது. ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகள். ஒன்றின் முனைகளில் சாதாரண அம்புத்தலைகள். மற்றதில் அதே தலைகள் திருப்பிப் போடப்பட்டு, வெளிப்புறமாக விரிந்திருக்கும். விரிந்த முனைகளுள்ள கோடு நீளமாகத் தெரியும். ஜெர்மானியரான பிரான்ஸ் முல்லர்-லயர் 1889இல் வெளியிட்ட படம் இது. அளவுகோல் வைத்து அளந்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள். இரண்டும் சமம் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒன்று நீளமாகத்தான் தெரிந்துகொண்டிருக்கும். எத்தனை முறை அளந்தாலும் தோற்றம் மாறாது.

இதை வைத்துக் கண்ணை எள்ளி நகையாடுபவர்கள் உண்டு. எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. கண் ‘நீளம்’ என்று சொல்லிக்கொண்டே இருக்க, நீங்கள் அதை நம்ப மறுக்கிறீர்கள். அப்படியானால் தெரிவதும் நம்புவதும் இரண்டு வேறு வேலைகள். முதலாவது நம் கட்டுப்பாட்டில் இல்லை. இரண்டாவது பெருமளவு இருக்கிறது. இந்த இடைவெளி மட்டும் இல்லாமல் போயிருந்தால் ‘புலன்களை நம்பலாமா’ என்று கேட்கக்கூட நம்மால் முடிந்திருக்காது.

தொடுஉணர்வும் தப்பவில்லை. ஆங்கிலேய மெய்யியலாளர் ஜான் லாக் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய உதாரணத்தை யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். ஒரு கையைச் சூடான நீரிலும் மற்றதைக் குளிர்ந்த நீரிலும் சற்று நேரம் வைத்திருந்து, பிறகு இரண்டையும் ஒரே வெதுவெதுப்பான நீருக்குள் விடுங்கள். ஒரு கை அதைக் குளிர்ச்சி என்கிறது, மற்றது சூடு என்கிறது. ஒரே நீர் ஒரே நேரத்தில் இரண்டாகவும் இருக்க முடியாது.

காதும் அப்படித்தான். ‘ப’ என்ற ஒலியையும், ‘க’ என்று சொல்லும் வாயின் படத்தையும் இணைத்துக் காட்டினால், பலருக்கு இரண்டும் அல்லாத ‘த’ போன்ற ஓர் ஒலி கேட்கிறது. கண்ணை மூடினால் உடனே ‘ப’ திரும்பி வந்துவிடும். மக்கர்க், மக்டொனால்ட் என்ற இருவர் 1976இல் வெளியிட்ட ஆய்வு இது. காதால் மட்டுமே கேட்கிறோம் என்று நினைத்திருக்கிறோம். கண்ணும் சேர்ந்துதான் கேட்கிறது.

2015 பிப்ரவரியில் இணையத்தையே இரண்டாகப் பிளந்த அந்த உடையின் புகைப்படம் நினைவிருக்கலாம். ஒரு சாராருக்கு நீலமும் கறுப்பும், இன்னொரு சாராருக்கு வெள்ளையும் தங்கநிறமும். உண்மையான உடை நீலமும் கறுப்பும்தான். படத்தில் வெளிச்சம் எப்படிப்பட்டது என்பதற்குத் தெளிவான தடயம் இல்லை. நிழலில் இருக்கிறது என்று ஊகித்த மூளை ஒரு விதமாகவும், பளிச்சென்ற வெளிச்சத்தில் இருக்கிறது என்று ஊகித்த மூளை வேறு விதமாகவும் கணக்குப் போட்டது. ஊகம் நடந்ததே இரு தரப்புக்கும் தெரியாது. ‘நேராகப் பார்க்கிறேன்’ என்ற உறுதி மட்டும் இருவருக்கும் சமமாக இருந்தது.

இதோடு சேர்த்துச் சொல்லப்படும் இன்னொரு குறை, புலன்களின் எல்லை. மனிதக் காது தோராயமாக 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். தேனீ காணும் புற ஊதா ஒளி நமக்குத் தெரியாது. இது உண்மைதான், ஆனால் இந்த வழக்குக்குப் பொருந்தாது. எல்லாவற்றையும் சொல்லாமல் இருப்பது வேறு, பொய் சொல்வது வேறு.

ஒரு முறை ஏமாற்றியவரை மறுபடி நம்பலாமா?

இந்தத் தவறுகளையெல்லாம் ஒரே வாதமாகத் திரட்டியவர் பிரெஞ்சு மெய்யியலாளர் ரெனே தெகார்த். 1641இல் வெளியான ‘தியானங்கள்’ நூலின் தொடக்கத்திலேயே அவர் சொல்கிறார்: நம்மை ஒரு முறையாவது ஏமாற்றியவர்களை முழுமையாக நம்பாமல் இருப்பதே விவேகம், புலன்கள் சில நேரம் ஏமாற்றியிருக்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் வட்டமாகத் தெரியும் கோபுரம் பக்கத்தில் போனால் சதுரமாக இருப்பதையும் அதே நூலில் பின்னர் உதாரணமாகக் காட்டுகிறார்.

கேட்டவுடன் தலையாட்டத் தோன்றும் வாதம். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். கோபுரம் சதுரம் என்பது எப்படித் தெரிந்தது? பக்கத்தில் போய்ப் பார்த்ததால்தானே! கோடுகள் சமம் என்பது அளவுகோலைப் பார்த்ததால் தெரிந்தது. வெதுவெதுப்பான நீர் என்பது வெப்பமானியைப் பார்த்ததால் தெரிந்தது. புலன் தவறியதற்கு நம்மிடம் இருக்கும் ஒவ்வொரு சான்றும் ஏதோ ஒரு புலன் சரியாகச் சொன்னதால் கிடைத்தது. புலன்கள் எல்லாமே எப்போதுமே பொய் என்றால், அவை தவறின என்று நமக்குத் தெரிவதற்கே வழியில்லை.

தெகார்த்துக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க மெய்யியலாளர் தெமாக்ரிதஸ் இதைக் கவனித்திருந்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பு. நிறமும் இனிப்பும் கசப்பும் நம் வழக்கில் மட்டுமே உள்ளவை, உண்மையில் இருப்பவை அணுக்களும் வெற்றிடமும்தான் என்றவர் அவர். ஆக, புலன்களைச் சந்தேகித்தவர். அப்படிப்பட்டவரே புலன்களுக்கும் வாய் கொடுத்து அறிவிடம் பேச வைக்கிறார். பாவப்பட்ட அறிவே, எங்களிடமிருந்து ஆதாரங்களை வாங்கிக்கொண்டு எங்களையே வீழ்த்தப் பார்க்கிறாயா, எங்கள் வீழ்ச்சி உனக்கும் வீழ்ச்சிதான் என்று அவை கேட்கின்றன. இந்தத் தலைப்பில் எழுதப்பட்ட எத்தனையோ பக்கங்களை இந்த ஓரிரு வரிகளுக்கு ஈடாகத் தந்துவிடலாம் என்பது என் எண்ணம்.

நீரில் பாதி மூழ்கிய குச்சி வளைந்து தெரிவதையும் புலன் பொய்க்கு உதாரணமாகச் சொல்வார்கள். அங்கே கண் என்ன தவறு செய்தது? நீரிலிருந்து காற்றுக்கு வரும் ஒளி திசை மாறுகிறது. மாறி வந்த ஒளியைக் கண் அப்படியே சொல்கிறது. நேராகத் தெரிந்திருந்தால்தான் கண்ணில் ஏதோ கோளாறு என்று பொருள். இதே காரணத்தால், மேலிருந்து நேராகக் குனிந்து பார்த்தால் தெளிந்த நீரின் ஆழம் உண்மையில் இருப்பதில் முக்கால் பங்காகத்தான் தெரியும். தெரியாமல் இறங்குபவருக்கு இது ஆபத்து. தெரிந்தவர் அதே தோற்றத்தைப் பார்த்து உண்மையான ஆழத்தைக் கணக்கிட்டுவிடலாம். குச்சி நேரானது என்று கை சொல்வதை நாம் ஏற்பது, கை எப்போதும் கண்ணைவிட நம்பகமானது என்பதால் அல்ல. ஒரே எடையுள்ள இரண்டு பொருள்களைத் தூக்கினால் சிறியது கனமாக இருப்பதாகக் கை சாதிக்கும். எடை போட்டுக் காட்டினாலும் கேட்காது. குச்சி விஷயத்தில் கை ஜெயிப்பதற்குக் காரணம் வேறு. ‘குச்சி நேரானது, ஒளி வளைகிறது’ என்ற விளக்கம் கண் சொன்னதையும் கை சொன்னதையும் சேர்த்தே விளக்குகிறது. ‘குச்சி நீருக்குள் போனதும் வளைந்துவிட்டது’ என்ற விளக்கம் கை சொன்னதை அந்தரத்தில் விட்டுவிடுகிறது.

தெகார்த்திடம் இதைவிடக் கடினமான இன்னொரு வாதமும் இருந்தது. கனவில் இருக்கும்போதும் இதேபோல்தான் எல்லாம் நிஜமாகத் தெரிகிறது; இப்போது காண்பது கனவில்லை என்று எப்படி உறுதியாகச் சொல்வது? நம்மை முழுமூச்சாக ஏமாற்றும் ஒரு தீய சக்தி இருந்தால்? இன்று இதையே, கணினியோடு இணைக்கப்பட்ட மூளைக்கு ஊட்டப்படும் பொய் உலகம் என்று மாற்றிச் சொல்கிறார்கள். இதற்குப் புலன்களைக் கொண்டு பதில் சொல்ல முடியாது. என்ன சோதனை செய்தாலும், அந்தச் சோதனையும் கனவுக்குள் நடந்திருக்கலாம் என்று சொல்லிவிடலாம்.

இங்கே நான் ஸ்காட்லாந்து மெய்யியலாளரான தாமஸ் ரீட் பக்கம். 1764இல் அவர் கேட்டது ஏறக்குறைய இது: புலனைவிடப் பகுத்தறிவை நான் ஏன் அதிகம் நம்ப வேண்டும்? இரண்டும் ஒரே பட்டறையிலிருந்து வந்தவை, ஒரே கைவினைஞர் செய்தவை. ஒன்றைப் போலியாகக் கொடுத்தவர் மற்றதையும் போலியாகக் கொடுக்க என்ன தடை? புலன்களைப் புலன்களைக் கொண்டே நிரூபிக்க முடியாது என்பது சரி. நினைவை நினைவில்லாமல் நிரூபிக்க முடியுமா? தர்க்கத்தைத் தர்க்கமில்லாமல்? எல்லாவற்றுக்கும் இதே நிலைதான் என்றால், புலன்களை மட்டும் தனியே பிடித்துத் தண்டிக்க நியாயமில்லை. கனவு வாதம் ஒன்றை மட்டும் காட்டுகிறது: புலனறிவில் தவறே நேர முடியாத உறுதி கிடையாது. நம்புவதற்கு நல்ல காரணம் வேண்டும். தவறே நேர முடியாத காரணம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் நம்புவதற்கு எதுவுமே மிஞ்சாது.

எங்கிருந்து தொடங்குவது?

அறிவைப் பெறும் வழிகளுக்குத் தமிழில் அளவை என்று பெயர். காட்சி, கருதல், உரை என்ற மூன்றும் பரவலாகச் சொல்லப்படுபவை. நேரில் அறிவது காட்சி. புகையைக் கண்டு நெருப்பை அறிவது கருதல். நம்பத்தகுந்தவர் சொல்லி அறிவது உரை. காட்சி ஒன்றே போதும் என்று வாதிட்டவர்களும் இருந்தார்கள். உலகம் பூதங்களால் மட்டுமே ஆனது என்று சொல்லும், மணிமேகலையில் வரும் பூதவாதி அந்தக் கட்சி. அவரிடம் மணிமேகலை சிரித்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்கிறாள்: உன் தாய் தந்தையரை அனுமானத்தால், அதாவது கருதலால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய்? தன் பிறப்பைத் தானே பார்த்தவர் யாரும் இல்லை. காட்சி மட்டும்தான் அறிவு என்றால், தன் பெற்றோர் யார் என்பதே ஒருவருக்குத் தெரியாத விஷயமாகிவிடும்.

காட்சியை ஏற்றவர்களும் எல்லாக் காட்சியையும் ஏற்கவில்லை. அதில் ஐயமும் திரிவும் இருக்கக் கூடாது என்று வரையறுத்தார்கள். அதோ தெரிவது புகையா தூசியா என்று இரண்டுபட்டு நிற்பது ஐயம். கானல்நீரை நீர் என்றும் கயிற்றைப் பாம்பு என்றும் மாற்றி அறிவது திரிவு. சரி, இப்போது நான் பார்ப்பதில் இவை இரண்டும் இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? இந்திய மெய்யியலின் மிகச் சூடான சண்டைகளில் ஒன்று இங்கேதான் நடந்தது.

தர்க்கத்தை மையமாகக் கொண்ட நியாய மரபினர், ஓர் அறிவு சரியானதா என்பது அதற்கு வெளியிலிருந்துதான் தெரியும் என்றார்கள். தூரத்தில் நீர் தெரிகிறது. போகிறோம், குடிக்கிறோம், தாகம் தீர்கிறது, பார்த்தது சரி. போய்ப் பார்த்தால் மணல்தான் இருக்கிறது; பார்த்தது தவறு. செயலில் பலித்ததா என்பதே உரைகல்.

வேதங்களுக்குப் பொருள் காணும் மீமாம்சை மரபைச் சேர்ந்த குமாரிலபட்டர் 7ஆம் நூற்றாண்டில் இதை மறுத்தார். ஓர் அறிவைச் சரிபார்க்க இன்னோர் அறிவு வேண்டும் என்றால், அந்த இரண்டாவதைச் சரிபார்க்க மூன்றாவது ஒன்று வேண்டும். தாகம் தீர்ந்தது என்பதும் ஓர் அறிவுதானே, அதை யார் சரிபார்ப்பது? முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருக்கும். ஆகவே, தோன்றும் அறிவு தோன்றிய அளவிலேயே ஏற்கத்தக்கது. அது விழுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, அதற்கு மாறான வேறோர் அறிவு வந்து அதை மறுக்க வேண்டும். அல்லது, அது பிறந்த வழியில் குறை இருப்பது தெரியவர வேண்டும். கண்ணில் நோய், மங்கிய வெளிச்சம், அதிக தூரம் போல. இந்த இரண்டும் இல்லாதவரை அதை நம்பலாம்.

எனக்குக் குமாரிலரின் தொடக்கம்தான் சரியாகப் படுகிறது. நீங்கள் இப்போது திரையில் எழுத்துகளைப் பார்க்கிறீர்கள். ‘இது உண்மையில் எழுத்துதானா’ என்று நிரூபித்த பிறகுதான் படிப்பேன் என்று யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. அப்படி உட்கார்ந்தால் நிரூபணத்தையும் படிக்க முடியாது. ஆனால் ஐயம் வந்துவிட்டால் நியாயத்தார் காட்டும் வழிக்குத்தான் வந்தாக வேண்டும்: கிட்டே போ, தொட்டுப் பார், செய்து பார். நம்பிக்கையிலிருந்து தொடங்கு, காரணம் வந்தால் நிறுத்திச் சோதி. அறிவு என்றால் என்ன என்று ஆராயும் இன்றைய அறிவாய்வியலிலும் பலர் இதே இடத்துக்கு வேறு பாதையில் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

இரண்டு விஞ்ஞானக் கதைகள்

பிறந்த வழியில் குறை என்பது எவ்வளவு நுட்பமாக ஒளிந்திருக்கும் என்பதற்கு ஒரு கதை. ஜெர்மானிய இயற்பியலாளர் ரான்ட்கன் 1895இல் எக்ஸ்-கதிர்களைக் கண்டுபிடித்த பிறகு புதுக் கதிர்களைத் தேடும் வேகம் உச்சத்தில் இருந்தது. 1903இல் பிரான்சின் நான்சி நகரப் பல்கலைக்கழகத்தில் மதிப்புமிக்க இயற்பியலாளராக இருந்த ரெனே பிளாண்ட்லோ, என்-கதிர்கள் என்று ஒன்றை அறிவித்தார். அவை படும்போது சிறு மின்பொறியின் ஒளி, அல்லது மங்கலாக ஒளிரும் ஒரு திரை, இன்னும் சற்றுப் பிரகாசமாகும் என்றார். அளக்கும் கருவி, இருட்டுக்குப் பழகிய கண்தான். பிரான்சில் வேறு பல ஆய்வாளர்களும் நாங்களும் பார்த்தோம் என்று எழுதினார்கள். மற்ற நாடுகளில் முயன்ற பலருக்கு எதுவும் தெரியவில்லை.

1904இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் நேரில் போய்ப் பார்த்தார். அலுமினிய முப்பட்டகம் ஒன்று என்-கதிர்களைப் பிரித்துக் காட்டுவதாகச் சோதனை. அறை இருட்டு. வுட் யாருக்கும் தெரியாமல் முப்பட்டகத்தை எடுத்துவிட்டார். அளவுகள் முன்போலவே வந்துகொண்டிருந்தன. அவர் இதை ‘நேச்சர்’ இதழில் எழுதியதும் என்-கதிர்களின் மதிப்பு சரிந்தது.

பிளாண்ட்லோவை மோசடிக்காரர் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. பார்த்ததைத்தான் சொன்னார். ஆனால் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் அளவுக்கு மங்கலான ஒளியில், எதைக் காண வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கும்போது, எதிர்பார்ப்பே காட்சியாகிவிடுகிறது. இதற்கு மருந்து கண்ணை இன்னும் கூர்மையாக்குவது இல்லை. பார்ப்பவருக்கு விடை தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான். புதிய மருந்துகளைச் சோதிக்கும்போது, நோயாளிக்கும் மருத்துவருக்கும் யார் பெறுவது உண்மை மருந்து என்று தெரியாமல் வைப்பது இதற்காகவே.

மற்ற கதையில் முடிவு வேறு. இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வகத்தில் நெவில் மாஸ்கெலின் தலைமை வானியலாளராக இருந்த காலம். தொலைநோக்கியின் குறுக்கே கட்டிய மெல்லிய கம்பியை ஒரு விண்மீன் கடக்கும் கணத்தைக் குறிக்க வேண்டும். கண் விண்மீனைப் பார்க்கும், காது கடிகாரத்தின் துடிப்புகளைக் கேட்கும். இரண்டையும் சேர்த்து நொடியில் பத்தில் ஒரு பங்கு வரை மனத்தால் மதிப்பிடுவார்கள். டேவிட் கின்னபுரூக் என்ற உதவியாளரின் குறிப்புகள் மாஸ்கெலினின் குறிப்புகளைவிட 0.8 நொடி பிந்தியிருந்தன. கவனித்துத் திருத்திக்கொள்ளச் சொல்லியும் சரியாகவில்லை. 1796இல் அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

பல ஆண்டுகள் கழித்து ஜெர்மானிய வானியலாளர் பெசல் இந்தச் சம்பவத்தைப் படித்தார். அது அவரை உறுத்தியது. தன் அளவுகளை மற்றத் தேர்ந்த வானியலாளர்களின் அளவுகளோடு ஒப்பிட்டார். அவர்களுக்குள்ளும் வேறுபாடு இருந்தது. ஒருவரோடு ஒரு நொடிக்கும் மேல். ஆக, கின்னபுரூக் கவனமில்லாதவர் இல்லை. பார்த்ததையும் கேட்டதையும் ஒன்று சேர்க்க ஒவ்வொருவருக்கும் ஆகும் நேரம் வேறு, அவ்வளவுதான். மாஸ்கெலினுக்கும் அப்படி ஓர் அளவு உண்டு. அவர் தலைவர் என்பதால் அவருடையது ‘சரி’ ஆகிவிட்டது. அப்புறம் வானியலாளர்கள் அந்த வேறுபாட்டை அளந்து கணக்கில் கழித்துக்கொள்ளத் தொடங்கினார்கள்.

என்-கதிரில் நடந்ததைக் கழித்துத் திருத்த முடியாது, ஏனென்றால் எதிர்பார்ப்புக்கு நிலையான அளவில்லை. பெசல் அளந்தது போன்ற வேறுபாடு பெருமளவு நிலையானது. நிலையான பிழையைத் தெரிந்துகொண்டால் அந்தப் புலனை முன்பைவிட அதிகமாகவே நம்பலாம். ‘புலன் தவறும்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்பவர்கள் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகிறார்கள். வேலை போனவருக்கு அது எவ்வளவு பெரிய வேறுபாடு!

பார்க்கவில்லை என்பது எப்போது சான்று?

‘நான் பார்த்தேன்’ என்பதைவிட அதிகமாக நம்மைக் கவிழ்ப்பது ‘அங்கே எதுவும் இல்லை, நான் பார்த்தேனே’ என்பது. 1999இல் உளவியலாளர்கள் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரி இருவரும் வெளியிட்ட சோதனை புகழ்பெற்றது. பந்தை மாற்றி மாற்றி வீசும் இரண்டு அணிகளின் காணொளியைக் காட்டி, ஓர் அணியின் வீச்சுகளை எண்ணச் சொன்னார்கள். நடுவே கொரில்லா உடை அணிந்த ஒருவர் நடந்து போகிறார். பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அதைக் கவனிக்கவே இல்லை. ‘கொரில்லா வந்ததா?’ என்று கேட்டால் ‘வரவில்லை’ என்று சத்தியம் செய்யக்கூடிய நிலை.

இங்கேயும் குமாரிலர் மரபு முன்பே யோசித்திருக்கிறது. காணாமை என்பதையும் ஓர் அளவையாக அவர்கள் ஏற்றார்கள். மேசையில் பானை இல்லை என்பதை அது தெரியாததாலேயே அறிகிறோம். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்கள். அது அங்கே இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும் என்ற நிலை இருக்க வேண்டும். வெளிச்சமுள்ள அறையில் பானையைக் காணாதது, பானை இல்லை என்பதற்குச் சான்று. இருட்டறையில் காணாதது எதற்கும் சான்றில்லை. வீச்சுகளை எண்ணிக்கொண்டிருந்தவரின் கவனமும் ஒரு வகை இருட்டறைதான். விபத்துக்குப் பின் ‘வண்டி வந்ததைப் பார்க்கவே இல்லை’ என்று ஓட்டுநர்கள் சொல்லும்போது பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. அந்த நிபந்தனை நிறைவேறவில்லை, அவ்வளவே.

புலன் மீது விழும் பழிகளில் ஒரு பகுதி உண்மையில் நினைவுக்குப் போக வேண்டியது. 1974இல் உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டிவிட்டு, ஒரு குழுவிடம் கார்கள் ‘நொறுங்க மோதியபோது’ என்ன வேகம் என்றும், இன்னொரு குழுவிடம் ‘இடித்தபோது’ என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது முதல் குழுவின் 50 பேரில் 16 பேரும், அடுத்த குழுவின் 50 பேரில் 7 பேரும் ஆம் என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. கண் அன்று சரியாகத்தான் பார்த்தது. இடையில் வந்த ஒரு வினைச்சொல் நினைவுக்குள் புகுந்து கண்ணாடியை உடைத்துவிட்டது. அமெரிக்காவில் டிஎன்ஏ சோதனையால் குற்றமற்றவர்கள் என்று நிரூபிக்கப்பட்டவர்களின் வழக்குகளில் பெரும்பாலானவற்றில், நேரில் கண்ட சாட்சியின் தவறான அடையாளம் காட்டல் இருந்தது. ‘கண்ணாரக் கண்டேன்’ என்று சொல்பவரிடம், கண்டது எப்போது, சொல்வது எப்போது, இடையில் யார் என்ன கேட்டார்கள் என்று விசாரிப்பது அவரை அவமதிப்பதாகாது.

இன்றைக்கு நாம் அதிகம் ஏமாறும் இடம் திரை. ஒரு தலைவர் ஏதோ பேசுவதுபோல் காணொளி வருகிறது. செயற்கை நுண்ணறிவால் செய்த போலியாக இருக்கலாம். இங்கே ‘கண்ணையே நம்ப முடியாத காலம் வந்துவிட்டது’ என்று புலம்புவது விஷயத்தைக் குழப்புகிறது. கண் இங்கே பிசகவில்லை. திரையில் இருக்கும் நிறங்களையும் அசைவுகளையும் உள்ளபடியே காட்டியது. அந்த மனிதர் அப்படிப் பேசினார் என்பதை நாம் கண்ணால் காணவில்லை. யாரோ காட்டி, நாம் ஏற்றுக்கொண்டோம். காட்சியின் வேடத்தில் வந்த உரை அது. உரைக்கு உரிய கேள்விகளை அதனிடம் கேட்டுவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்: எடுத்தவர் யார், முதலில் வெளியிட்டது எங்கே, முழு நீளப் பதிவு இருக்கிறதா, அங்கே நேரில் இருந்த வேறு யாராவது இதையே சொல்கிறார்களா? மறுபடி பார்த்தாலும், பெரிதாக்கிப் பார்த்தாலும் இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைக்காது. காணொளியை விட்டு வெளியே போய்த்தான் கேட்க வேண்டும்.